ஓடி முடிந்தது, ஆனால் ஏறவில்லை: ஆளில்லா நிறுவலில் பிழை தேடும் வழி

திருகோணமலை டவுனிலிருந்து மூதூருக்கோ குச்சவெளிக்கோ போய், ஒரு பள்ளிக்கூடக் கணினி அறையில் ஒவ்வொரு மெஷினின் முன்னாலும் உட்கார்ந்து "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்று அழுத்திக்கொண்டிருந்தால் அந்த நாள் அதோடு சரி. அதனால்தான் கட்டளை வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, பக்கத்தில் ஆள் இல்லாமலே மென்பொருளை ஏற்றப் பார்க்கிறோம். ஸ்கிரிப்ட் எழுதுவது அவ்வளவு கடினமில்லை. அது எங்கே நின்றது, ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது.

கீழே அறிகுறி வாரியாகத் தந்திருக்கிறேன். உங்கள் மெஷினில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். கட்டளைகளை, போனில் வாய்மொழியாகச் சொல்லும் விதத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

எதற்கும் முன்னால்

முடிவு எண் (நிறுவி முடியும்போது திருப்பிக் கொடுக்கும் எண், பூச்சியம் என்றால் வெற்றி), பதிவுக் கோப்பு (நடந்ததை நிறுவி வரி வரியாக எழுதி வைக்கும் கோப்பு). இந்த இரண்டும் கையில் இல்லாமல் பிழை தேடத் தொடங்க வேண்டாம். ஆளில்லா நிறுவலில் வெற்றியும் தோல்வியும் வெளியே ஒரே மாதிரி அமைதியாகத்தான் இருக்கும். "அண்ணா, ஓடி முடிஞ்சுது, ஆனா ஐக்கொனைக் காணேல்ல" என்று போன் வரும்போது நான் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

எம்எஸ்ஐ கோப்பு (விண்டோஸின் சொந்த நிறுவல் வடிவம்) என்றால் கட்டளை இப்படிப் போகும்: எம்எஸ்ஐஎக்ஸெக், /ஐ, கோப்பின் முழுப் பாதை, /க்யூஎன், /நோரீஸ்டார்ட், /எல்*வி, பதிவுக் கோப்பின் முழுப் பாதை. கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். பதிவு போய் விழ வேண்டிய ஃபோல்டர் முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் 1622 என்ற எண்ணோடு நிறுவல் தொடங்காமலே நின்றுவிடும். இன்னோ செட்டப் என்ற, நிறுவி தயாரிக்கும் கருவியில் செய்த நிறுவிகளுக்கு /லொக்= போட்டுப் பாதையைக் கொடுத்தால் போதும். என்எஸ்ஐஎஸ் (அதே மாதிரி இன்னொரு கருவி) வகை நிறுவிகள் பொதுவாகப் பதிவு எழுதுவதில்லை. அங்கே முடிவு எண் ஒன்றுதான் துணை.

சுற்றிக்கொண்டே இருக்கிறது, முடிவதாக இல்லை

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். பத்தில் ஒன்பது தடவை நிறுவி செத்துப்போகவில்லை. யாரோ பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது, அந்தக் கேள்வி நமக்குத் தெரியவில்லை.

டாஸ்க் மனேஜரைத் திறந்து, டீடெயில்ஸ் பக்கத்தில் "கமாண்ட் லைன்" என்ற நிரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவி, எந்த ஸ்விட்சுகளோடு (கட்டளையின் பின்னால் சேர்க்கும் /எஸ் போன்ற குறிகள்) ஓடுகிறது என்பது அப்படியே தெரியும். உங்கள் ஸ்கிரிப்ட் தொடங்கிய நிறுவி இன்னொன்றைத் தொடங்கி, அது ஸ்விட்ச் எதுவும் இல்லாமல் நிற்கிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது: வெளி உறைக்குக் கொடுத்த அமைதி ஸ்விட்ச் உள்ளே இருக்கும் நிறுவிக்குப் போய்ச் சேரவில்லை. இன்ஸ்டால்ஷீல்டு என்ற கருவியில் செய்த செட்டப்களில் இது அடிக்கடி நடக்கும். அங்கே /எஸ் மட்டும் போதாது. /வி போட்டு, இடைவெளி விடாமல் மேற்கோள் குறி திறந்து, அதற்குள் /க்யூஎன் கொடுக்க வேண்டும். வி எழுத்துக்கும் மேற்கோள் குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தாலும் வேலை செய்யாது.

ஒவ்வொரு நிறுவிக் குடும்பத்துக்கும் தனி வழக்கம் உண்டு. என்எஸ்ஐஎஸ் என்றால் /எஸ், அதுவும் பெரிய எழுத்தில். சிறிய எழுத்தில் கொடுத்தால் அதைக் கண்டுகொள்ளாமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். விஎல்சி இந்த வகை. இன்னோ என்றால் /வெரிசைலண்ட், கூடவே /சப்ரெஸ்எம்எஸ்ஜிபொக்ஸஸ். இரண்டாவதை விட்டால் பிழைச் செய்திப் பெட்டி ஒன்று வந்து, ஆள் வந்து ஓகே அழுத்தும்வரை நிற்கக்கூடும். எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டால் நிறுவியை /? போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பல நிறுவிகள் தங்கள் ஸ்விட்சுகளைக் காட்டிவிடும்.

சரி, ஸ்விட்ச் எல்லாம் ஒழுங்கு, ஆனாலும் நிற்கிறது என்றால் நிறுவல் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். விஷுவல் ஸ்டூடியோ கோட் அமைதியாக ஏறி முடிந்ததும் தன்னைத் தானே திறந்துகொள்ளும். அதை யாரும் மூடாதவரை ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போகாது. /மேர்ஜ்டாஸ்க்ஸ்=!ரன்கோட் என்று சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, "இந்தக் கோப்பைத் திறக்கலாமா?" என்ற பாதுகாப்பு எச்சரிக்கை. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பில் விண்டோஸ் ஒரு அடையாளத்தை ஒட்டி வைக்கிறது. அது என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் மட்டுமே கோப்போடு கூட வரும். ஃபேட்32 பென் ட்ரைவில் கொப்பி பண்ணினால் கழன்றுவிடும். ஒரே நிறுவி பென் ட்ரைவிலிருந்து ஓட்டினால் சரியாக ஏறுவதும், டவுன்லோட் ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் தொங்குவதும் இதனால்தான். பவர்ஷெல்லில் (விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரம்) அன்பிளாக்-ஃபைல் கட்டளை கொடுத்து அந்த அடையாளத்தை எடுத்துவிடுங்கள். நெட்வேர்க் ஷெயரை ஐபி முகவரியால் அழைத்தாலும் இதே எச்சரிக்கை வரலாம். கணினியின் பெயரால் அழைத்துப் பாருங்கள்.

ஸ்கிரிப்டை டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கும் விண்டோஸ் வசதி) மூலம் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். "யாரும் லொகின் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று தெரிவு செய்தால் வேலை செஷன் 0 என்ற தனி இடத்தில் நடக்கும். அங்கே எழும் எந்தப் பெட்டியும் உங்கள் திரைக்கு வராது. ஆகவே புதிய நிறுவி எதையும் ஷெட்யூலரில் போடுவதற்கு முன், அதே கட்டளையை லொகின் ஆன திரையில் ஒரு தடவை கையால் ஓட்டுங்கள். என்ன கேட்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு நொடியில் முடிந்தது, ஒன்றும் ஏறவில்லை

பெரும்பாலும் ஸ்கிரிப்ட் காத்திருக்காமல் போயிருக்கும். பவர்ஷெல் ஜன்னல் உள்ள நிரல்களைத் தொடங்கிவிட்டு உடனே அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஸ்டார்ட்-ப்ரொசஸ், கூடவே -வெயிட், -பாஸ்த்ரூ என்று எழுதுங்கள். -வெயிட் அந்த நிறுவி தொடங்கும் குட்டி நிரல்கள் முடியும்வரையும் காத்திருக்கும். -பாஸ்த்ரூ இருந்தால்தான் முடிவு எண்ணைக் கையில் எடுக்க முடியும்.

பட்ச் கோப்பு (.பிஏடி என்று முடியும், சிஎம்டி என்ற கட்டளைச் சாளரம் ஓட்டும் ஸ்கிரிப்ட்) கொஞ்சம் வேறு மாதிரி. அதற்குள்ளே எழுதிய நிறுவிக்கு அது காத்திருக்கும். ஆனால் அந்த நிறுவி தன் வேலையை வேறொரு நிரலிடம் கொடுத்துவிட்டுத் தான் வெளியேறினால் பட்ச் கோப்பு ஏமாந்துவிடும். அப்படிப்பட்ட நிறுவிகளை பவர்ஷெல்லுக்கு மாற்றிவிடுவது நல்லது.

1603 வருகிறது

இந்த எண்ணை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கு வர முடியாது. "பெரிய பிழை நடந்தது" என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இணையத்தில் 1603 என்று தேடி, அகப்பட்ட பரிகாரங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது வீண் அலைச்சல். பதிவுக் கோப்பைத் திறந்து "ரிட்டர்ன் வேல்யூ 3" என்ற சொற்களைத் தேடுங்கள். முதலில் அகப்படும் இடத்தில் நின்று, அதற்கு மேலே உள்ள சில வரிகளைப் பொறுமையாக வாசியுங்கள். உண்மையான காரணம் அனேகமாக அங்கேதான் இருக்கும். கீழே வரும் நூற்றுக்கணக்கான வரிகள் நிறுவி தான் செய்ததைத் திருப்பி அழிக்கும் கதை.

அந்த வரிகளில் 1925 என்று இருந்தால் நிர்வாகி உரிமை இல்லை. சாதாரணமாக இரண்டு தரம் கிளிக் செய்தால் விண்டோஸ் அனுமதி கேட்கும். /க்யூஎன் போட்டால் அந்தக் கேள்வியே எழாது, நேராகத் தோல்வி. கட்டளைச் சாளரத்தையே நிர்வாகியாகத் திறந்துகொண்டு தொடங்க வேண்டும். 1704 என்று இருந்தால் வேறொரு நிறுவல் பாதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் மாரி காலத்தில் கரண்ட் போன மறுநாள் இதை எதிர்பார்க்கலாம். மெஷினை ரீஸ்டார்ட் செய்து, பாதியில் நின்ற மென்பொருளை முதலில் முடித்தோ நீக்கியோ விட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும். எந்தக் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது, எந்த ஃபோல்டரில் எழுத முடியவில்லை என்பதையும் அதே இடத்தில் பெயர் சொல்லி எழுதியிருக்கும்.

பிழை போலத் தெரியும், பிழை இல்லாத எண்கள்

3010 வெற்றிதான். மென்பொருள் ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் ஒன்று தேவை, அவ்வளவுதான். 1641 என்றால் ரீஸ்டார்ட் தொடங்கியே விட்டது. பூச்சியம் இல்லாத எல்லாவற்றையும் தோல்வி என்று எழுதிய ஸ்கிரிப்ட் இந்த இடத்தில் நன்றாக ஏறிய மெஷினையும் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யும்.

1618 என்றால் இன்னொரு எம்எஸ்ஐ நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் விடும். ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி முயலும் விதமாகச் சுற்று ஒன்றை எழுதிவிடுங்கள். 1638 என்றால் அதே மென்பொருளின் வேறொரு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது.

எண் எப்போதும் பூச்சியமாகவே வருகிறது

பட்ச் கோப்பில் அடைப்புக்குறிக்குள் ஒரு தொகுதி எழுதி, உள்ளே நிறுவியை ஓட்டி, அதே தொகுதிக்குள் %எரர்லெவல்% என்று கேட்டால் பழைய மதிப்புதான் கிடைக்கும். அந்தத் தொகுதி முழுவதையும் சிஎம்டி ஓட்டுவதற்கு முன்பே ஒரே வாசிப்பில் வாசித்து, மாறிகளுக்கு அந்த நேரத்து மதிப்பை நிரப்பிவிடுகிறது. நிறுவி அப்போது தொடங்கியே இருக்காது. மேலே செட்லோக்கல் எனேபிள்டிலேய்ட்எக்ஸ்பான்ஷன் என்று ஒரு வரி போட்டு, சதவீதக் குறிக்குப் பதில் ஆச்சரியக் குறியோடு !எரர்லெவல்! என்று எழுதுங்கள். "இஃப் எரர்லெவல் 1" என்ற பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் அது "1 அல்லது அதற்கு மேல்" என்று பொருள்படும் என்பதை மறந்துவிடாதீர்கள். 3010 அதில் தோல்வியாக விழும்.

இந்தப் பிழையைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். மற்றவை வேலையைக் கெடுக்கும், இது நம்மை நம்ப வைத்து ஏமாற்றும். எல்லா மெஷினிலும் சரியாக ஏறிவிட்டது என்று அறிக்கை கொடுத்த பிறகு, பரீட்சைக்கு முந்தின நாள் ரீச்சர் பைதனைத் திறக்கப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

கோப்பு இல்லை என்கிறது, ஆனால் கோப்பு பக்கத்திலேயே இருக்கிறது

1619 அல்லது "கண்டுபிடிக்க முடியவில்லை". பட்ச் கோப்பை வலது கிளிக் செய்து நிர்வாகியாக ஓட்டினால் அது சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு தொடங்கும், உங்கள் ஃபோல்டரில் இல்லை. கோப்பின் பெயருக்கு முன்னால் %~டிபி0 என்று சேர்த்தால், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரின் பாதையை அதுவே நிரப்பிக்கொள்ளும். பாதை முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. என்எஸ்ஐஎஸ் நிறுவிக்கு /டி= போட்டு இடத்தைச் சொல்லும்போது அது கடைசி ஸ்விட்சாக இருக்க வேண்டும், பாதையில் இடைவெளி இருந்தாலும் மேற்கோள் குறி கூடாது.

நிறுவிகளை நெட்வேர்க்கில் வைத்து இசட் ட்ரைவ் என்று இணைத்திருந்தால், அந்த எழுத்து இணைத்த பயனருக்கு மட்டுமே சொந்தம். சிஸ்டம் கணக்கில் (விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் கணக்கு) ஓடும் வேலைக்கு அப்படி ஒரு ட்ரைவே கிடையாது. இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். அல்லது, நான் செய்வது போல, முதலில் உள் டிஸ்க்குக்கு கொப்பி பண்ணிவிட்டு அங்கிருந்து ஓட்டுங்கள். வயர் ஒன்று நடுவில் ஆடினாலும் நிறுவல் பாதியில் நிற்காது.

எனக்கு வேலை செய்கிறது, பிள்ளைகளின் கணக்கில் இல்லை

பைதனின் விண்டோஸ் நிறுவி எதுவும் சொல்லாவிட்டால் ஓட்டிய பயனருக்கு மட்டும் ஏறும். /குவாயட், இன்ஸ்டால்ஆல்யூசர்ஸ்=1, ப்ரீபெண்ட்பாத்=1 என்று மூன்றையும் கொடுங்கள். பாதை சேர்ந்த பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டளைச் சாளரத்துக்கு அது தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும்.

விங்கெட் (கட்டளையால் மென்பொருளை இறக்கி ஏற்றும் மைக்ரோசொஃப்ட் கருவி) பாவித்தால் --ஸ்கோப் மெஷின் சேருங்கள். முதல் தடவை ஓடும்போது ஒப்பந்தங்களுக்குச் சம்மதம் கேட்டு நிற்கும் என்பதால் --அக்செப்ட்-பக்கேஜ்-அக்ரிமெண்ட்ஸ், --அக்செப்ட்-சோர்ஸ்-அக்ரிமெண்ட்ஸ் இரண்டும் வேண்டும். சிஸ்டம் கணக்கில் ஓட்டினால் விங்கெட் என்ற பெயரே அகப்படாமல் போகலாம், ஏனென்றால் அது பயனர் வாரியாகப் பதியப்படும் ஒரு செயலி.

ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் மாயம்

டீப் ஃப்ரீஸ் மாதிரி, ரீஸ்டார்ட் ஆகும்போது மெஷினைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருள் ஒன்று அந்த அறையில் இருக்கிறது. முதலில் அதைத் திறந்த நிலைக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்து, நிறுவலை முடித்து, மறுபடி பூட்டுங்கள்.

இதற்கு நேர்மாறாக, மெஷின் கேட்காமலே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் /நோரீஸ்டார்ட் விடுபட்டிருக்கிறது. /க்யூஎன், /வெரிசைலண்ட் இரண்டிலும், தேவை வந்தால் கேட்காமலே ரீஸ்டார்ட் ஆவதுதான் வழக்கம். வகுப்பு நடக்கும் நேரத்தில் இது நடந்தால் பிள்ளைகளின் வேலை போய்விடும்.

கரண்ட் போய் வந்த பிறகு

முதலில் திகதியைப் பாருங்கள். பழைய மெஷின்களில் மதர்போர்டின் சிஆர்2032 பற்றரி தீர்ந்திருக்கும், கரண்ட் போனால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்புறம் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எதுவும் செல்லாது, டவுன்லோட் எல்லாம் விசித்திரமான பிழைகளோடு நிற்கும். உபுண்டுவில் "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பொருளில் செய்தி வரும். தனித்து நிற்கும் விண்டோஸ் மெஷினில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் நேரச் சேவை தானாகத் திருத்த மறுக்கலாம். திகதியைக் கையால் சரி செய்துவிட்டு அப்புறம் ஒத்திசையுங்கள். நிரந்தரத் தீர்வு புதிய பற்றரிதான்.

அடுத்தது, பாதியில் நின்ற டவுன்லோட். லிப்ரே ஒஃபிஸ் மாதிரி 300 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை இரவு டேட்டாவில் இறக்கப் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் கோப்பு இருக்கும், முழுதாக இருக்குமா என்பது வேறு விஷயம். செர்ட்யூடில் என்ற கட்டளைக்கு -ஹாஷ்ஃபைல், கோப்பின் பெயர், எஸ்எச்ஏ256 என்று கொடுத்து, வரும் எண்ணைத் தரவிறக்கப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எல்லா மெஷினுக்கும் அனுப்புவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

உபுண்டு மெஷின் முழுத் திரையில் கேள்வி கேட்டு நிற்கிறது

டெபியன்_ஃப்ரன்ட்எண்ட்=நொன்இன்டரக்டிவ் என்ற மாறி வேண்டும். அதை முதல் வரியில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அடுத்த வரியில் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டால் சூடோ அதைக் கழற்றிவிடும். சூடோ என்ற சொல்லுக்குப் பின்னாலேயே மாறியை எழுதி, அதன் பின் ஆப்ட்-கெட் -வை இன்ஸ்டால் என்று தொடருங்கள். உபுண்டு 22.04 முதல் எந்தச் சேவைகளை மறுபடி தொடங்கட்டும் என்று கேட்கும் பெட்டியும் வரும்; நீட்ரீஸ்டார்ட்_மோட்=ஏ அதை அடக்கும்.

பூட்டைப் பெற முடியவில்லை என்று வந்தால், மெஷின் தொடங்கியதும் பின்னணியில் தானியங்கி மேம்படுத்தல் ஓடுகிறது என்று பொருள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். பக்கேஜ் தரவுத்தளம் உடைந்தால் அந்த மெஷினுக்கு நேரில்தான் போக வேண்டிவரும். -ஓ டிபிகேஜி::லொக்::டைம்அவுட்=300 என்று சேர்த்தால் ஐந்து நிமிடம் தானே காத்திருக்கும். நடுவில் கரண்ட் போய் நின்றிருந்தால் டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ, அப்புறம் ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால்.

தமிழ் சேர்த்ததும் ஸ்கிரிப்ட் உடைகிறது

ஸ்கிரிப்டில் தமிழில் குறிப்பு எழுதுவது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். கோப்பைச் சேமிக்கும் முறையை மட்டும் கவனியுங்கள். பட்ச் கோப்பை யூடிஎஃப்-8 என்று, பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டும் குறி) இல்லாமல் சேமிக்க வேண்டும். பிஓஎம் இருந்தால் முதல் வரியின் முன்னால் மூன்று கிறுக்கெழுத்து ஒட்டிக்கொண்டு அந்தக் கட்டளை தெரியாது என்று வரும். பவர்ஷெல் 5.1 இதற்கு நேர் எதிர்: பிஓஎம் இல்லாவிட்டால் தமிழைச் சிதைத்து வாசிக்கும்.

எழுத்துருவிலும் இப்படி ஒரு இடம் உண்டு. நம் பக்கத்து அலுவலகங்களிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் இன்னும் பாமினி கேட்கிறார்கள். அதைக் கட்டளையால் விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டருக்குள் கொப்பி பண்ணினால் கோப்பு அங்கே போய் இருக்கும், வேர்ட்டின் பட்டியலில் வராது. ரெஜிஸ்ட்ரியில் எச்கேஎல்எம் கிளையில் விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் எழுத்துருவின் பெயரையும் கோப்பின் பெயரையும் ஸ்கிரிப்டே எழுதிவிட வேண்டும். பிறகு மெஷினை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, பிள்ளைகளின் கணக்கில் லொகின் ஆகி வேர்ட்டைத் திறந்து பாருங்கள்.